தொப்பியோடு பிறந்தவன்

"கையைத் தூக்கிப் பிடிடி, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றாள் அம்மா.

தெக்லா அப்பாவின் வலது கையைத் தூக்கப் பார்த்தாள். முதல் நாள் மாலை போன உயிர். காலை ஒன்பது மணிக்கு உடம்பு பலகையாகிவிட்டிருந்தது. கை மட்டும் வரவில்லை, தோளும் சேர்ந்து எழுந்தது. அம்மா குனிந்து, சட்டையின் கைமடிப்பில் சிவப்பு நூலால் தைத்திருந்த இரண்டு எழுத்துகளைச் சவரக் கத்தியின் நுனியால் தையல் தையலாக அறுத்தாள். அகுஸ்தின் லபூதா. அந்தப் பெயரின் முதலெழுத்துகள். சலவைக்குப் போடும் துணி மாறிவிடக் கூடாது என்று அம்மாவே தைத்தவை.

"காலர்ல எடுத்தாச்சு. கோட்டுல எடுத்தாச்சு. கைமடிப்புல இருக்கறத யாரும்மா படிக்கப் போறாங்க?"

"அவர் படிப்பார்."

தெக்லா வேதியியலில் பட்டம் வாங்கியவள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் அவளுக்கு முன்னால் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரிந்தவர்கள் இல்லை. நகராட்சிப் பரிசோதனைக்கூடத்தில் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று கண்டுபிடித்து எழுதுவது இப்போது அவள் வேலை. அப்படிப்பட்டவள், செத்துப்போன அப்பா தன் சட்டையில் இருக்கும் எழுத்தைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகக் கை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"விறைச்சிருக்கு. அது நல்லதுதான்" என்றாள் அம்மா. "ஆனா அந்தக் கண்ணைப் பாரு."

இடது கண் கீற்றாகத் திறந்திருந்தது. இரவு அம்மா மூன்று முறை மூடினாள். மூன்று முறையும் திறந்துகொண்டது.

"தசை இழுத்துக்கிச்சும்மா. நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகும்."

"நிறைய பேரு தொப்பியோட பொறக்கல."

அதில்தான் வந்து நிற்பாள் என்று தெக்லாவுக்குத் தெரியும். இந்த ஒரு வாரமாக எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முட்டியது.

அம்மாவும் அப்பாவும் பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள கஷூபிய நாட்டில் ஏரிக்கரைக்காரர்கள். கல்யாணம் முடிந்த கையோடு பெர்லினுக்கு வந்து, மோவாபிட் என்னும் பேட்டையில் ஒரு பின்கட்டில், மூன்றாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையுமாகத் தங்கிவிட்டார்கள். அவர்கள் ஊரில் எப்போதாவது ஒரு பிள்ளை தலையில் பனிக்குடச் சவ்வு ஒட்டியபடி பிறக்கும். அதைத்தான் தொப்பி என்பார்கள். அந்தத் தொப்பியை உலர்த்தி வைத்திருந்து, பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது எரித்து, சாம்பலைப் பாலில் கலந்து குடிக்கக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் விட்டால் உயிரோடு இருக்கும் வரை ஒன்றும் ஆகாது. செத்த பிறகுதான் வினை. அவன் உடம்பு விறைக்காது, இடது கண் மூடாது. பெட்டிக்குள் விழித்துக்கொள்வான். உடுத்தியிருக்கும் துணியை முதலில் தின்பான். துணியில் பெயர் இருந்தால் அந்தப் பெயர் கொண்ட குடும்பத்தைத் தேடுவான். ஒவ்வொருவராக இழுப்பான், நெருங்கியவர்களை முதலில்.

அப்பாவுக்கு ஆறு வயது நடக்கும்போதே அவரைப் பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எரிக்க வேண்டிய தொப்பி ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. கல்யாணத்தன்று உறவுக்காரி ஒருத்தி அதை அம்மாவின் கையில் திணித்து, நீ பார்த்துச் செய் என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா இருபத்தெட்டு வருடம் கேட்டுப் பார்த்தாள். "என் தோலையே சுட்டு எனக்கே ஊத்தப் பாக்கறா பாரு" என்று அப்பா சிரித்தே தள்ளிவிட்டார். போன வாரம் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தபோது அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்தாள். பழுப்புக் கறை படிந்த பக்கம் இருந்தது, தொப்பி இல்லை.

"டாக்டர்கிட்ட இருக்கு" என்று அப்பா இருமலுக்கு நடுவே சொன்னார். "பத்திரமா இருக்கு."

டாக்டர் என்றால் எந்த நோயாளியையும் தொட்டுப் பார்க்காத டாக்டர். ஃபெலிக்ஸ் ஆர்ன்ட். தத்துவத்தில் டாக்டர் பட்டம், தொழில் படமெடுப்பது. அப்பா பன்னிரண்டு வருடம் தச்சராக இருந்த ஸ்டூடியோவில் பேய்ப் படங்களை வரைந்து, திட்டமிட்டு, எடுப்பவர் அவர்தான். மாலை வேளைகளில் ஏதோ ரகசிய சபையில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு உட்காருவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். போன குளிர்காலத்தில் வெளியான அவருடைய படம் நகரமெங்கும் ஓடியது. கல்லறையில் தன் துணியைத் தானே தின்னும் ஒருவனைப் பற்றிய படம்.

அம்மா சவரக் கத்தியைத் துடைத்து வைத்தாள். அறுத்த சிவப்பு நூல்களை விரல் நுனியால் ஒற்றியெடுத்து அடுப்பில் போட்டாள்.

"ரெண்டு மணிக்குப் பெட்டிக்கு மூடி போட்டுடுவாங்க. அதுக்குள்ள போய்த் தொப்பியை வாங்கிட்டு வா."

"எதுக்கு? எரிச்சுக் குடுக்க இனிமே..." அவள் முடிக்கவில்லை.

"கூட வச்சு அனுப்பிடணும். அவர்கிட்டயே இருந்தா அவர் தேடி வர மாட்டார்."

"அம்மா, நான் பால் சோதிக்கிறவ. நான் போய் அந்தாள்கிட்ட நின்னு, எங்கப்பா எழுந்து வந்துடுவார், தொப்பியைக் குடுங்கன்னு கேக்கணுமா?"

"நீதான் கேக்கணும். நான் போனா வாசல்லயே நிக்க வைப்பான்."

அது உண்மை. தலையில் முக்காடும், பாதிதான் வரும் ஜெர்மன் மொழியும், வெந்நீரில் வெந்த கைகளுமாக அம்மா போய் நின்றால் காவலாளி கேட்டைக்கூடத் திறக்க மாட்டான்.

"சரி, யாரை இழுப்பாராம்? உன்னையா?"

"நான் யாரு அவருக்கு? ஆக்கிப் போட்டவ." அம்மா அப்பாவின் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு ஒரு பக்கமாக வாரினாள். "அவர் உசிரு எங்க இருந்துச்சுன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். குடையை எடுத்துக்கோ. மழை வரும்."

தெக்லா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

*

ஸ்டூடியோ நகரத்தின் தெற்கு விளிம்பில் இருந்தது. கூரையும் சுவரும் கண்ணாடியாலேயே ஆன பெரிய கொட்டகை. உள்ளே ஒரு பாதி மலை நின்றது. கம்பி வலையில் சாக்குத்துணி போர்த்தி, மேலே சாந்து பூசிய மலை. பூசியது அப்பா. அந்தச் சாந்துத் தூள்தான் அவர் நெஞ்சுக்குள் இறங்கியது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மலையைச் சுற்றிவர தெக்லாவுக்கு இருபது அடிகூட ஆகவில்லை. பின்பக்கம் வெறும் கட்டைகள்.

மலைக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் சவப்பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் நிட்ஷ்கே. அப்பாவோடு அதே பட்டறையில் கிடந்தவர். பெர்லின் தச்சர்களுக்கே உரிய வாய்.

"வா கண்ணு. பெட்டி ரெடி. உங்கப்பன் செஞ்சதுதான். சுத்தமான ஓக்கு மரம். படத்துக்கு எதுக்குடா ஓக்கு, அட்டையில செய்டான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? கேமரா அட்டையையும் மரத்தையும் கண்டுபிடிச்சிரும்னான். இப்பப் பாரு, யாருக்கு ஓக்குன்னு." மூக்கைப் புறங்கையால் துடைத்தார். "ஒரே ஒரு சங்கடம்."

"என்ன மாமா?"

அவர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கியைத் தட்டினார். பெட்டியின் நீளமான பக்கம் முழுவதும் கதவுபோல் கீழே விழுந்து தொங்கியது.

"உள்ள படுத்திருக்கவன் மூஞ்சியைக் கேமரா பாக்கணுமில்ல? அதான் கீல் வச்சிருக்கான். கீல்கூட எவ்வளவு சுத்தமாப் போட்டிருக்கான் பாரு, சத்தமே வராது."

தெக்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் ஊரில் எந்தச் சவம் எழுந்துவிடுமோ என்று கல்லும் கட்டையுமாக அடைப்பார்களோ, அந்தச் சவத்துக்கு வழுவழுவென்று திறக்கும் கதவு.

"இதை எங்கம்மாகிட்ட காட்டிடாதீங்க."

"நாலு ஆணி அடிச்சுடறேன்."

"எட்டு அடிங்க மாமா."

"பத்தாவே அடிக்கிறேன் போ. நீ எங்க இங்க?"

"டாக்டரைப் பாக்கணும். அப்பா அவர்கிட்ட ஒரு பொருள் குடுத்து வச்சிருந்தார்."

நிட்ஷ்கே கயிற்றை இறுக்குவதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "படிக்கட்டு ஏறி மொத அறை" என்றார்.

*

டாக்டர் ஆர்ன்ட் எழுந்து நின்று வரவேற்றார். கறுப்புக் கோட்டு, விரலில் முக்கோணம் பொறித்த மோதிரம். மேசை முழுக்க வரைபடங்கள், ராசிக் கட்டங்கள், ஒரு மண்டையோடு. மண்டையோட்டின் தாடையைக் கூர்ந்து பார்த்த தெக்லாவுக்கு அது சாந்தில் வார்த்தது என்று தெரிந்தது. இதுவும் அப்பாவின் கைவேலையாக இருக்கலாம்.

"உங்க அப்பா சாதாரண மனுஷர் இல்ல" என்றார் அவர். "உட்காருங்க. அவர் கதவுக்குச் சட்டம் அடிச்சுக்கிட்டே ஊர்க்கதை சொல்லுவார். நான் அப்படியே நின்னுடுவேன். துணியைத் தின்னுற சவம், கோயில் மணியை அடிக்கிற சவம், வலையில முடிச்சு அவுக்கிற சவம். என் சபையில பத்து வருஷம் படிச்சாலும் கிடைக்காத விஷயம்."

"பத்திரிகையில படிச்சேன். கார்பாத்திய மலையில ஒரு கிழட்டு மேய்ப்பன் உங்ககிட்ட சொன்னதா எழுதியிருந்தீங்க."

அவருக்கு முகம் லேசாகச் சிவந்தது. ஆனாலும் அசரவில்லை. "படத்துக்கு ஒரு தூரம் வேணும். மோவாபிட்ல இருக்கிற ஒரு தச்சன் சொன்னான்னு எழுதினா யாருக்கும் பயம் வராது."

"எங்கம்மாவுக்கு வருது."

கண்ணாடிக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. கீழே யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"நான் ரொம்ப நேரம் இருக்க முடியாது, டாக்டர். ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க. எங்கப்பா உங்ககிட்ட ஒரு சவ்வு குடுத்திருக்கார். பிறந்தப்ப தலையில இருந்தது. அது வேணும்."

"அது இல்லையே." அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "படத்துல எரிச்சோமே. நீங்க பார்க்கலையா?"

அவள் பார்க்கவில்லை. வேலைக்காரர்களின் குடும்பத்துக்கு என்று அப்பா கொண்டுவந்த சீட்டுகளை மேசையிலேயே போட்டுவிட்டு, சவம் துணி தின்கிறதைப் பார்க்க எனக்கு நேரமில்லை என்று சொல்லியிருந்தாள்.

"சூனியக்காரி கும்பாவில போட்டு எரிக்கிற காட்சி. முதல் ரெண்டு டேக் பன்றிச் சவ்வு வச்சுத்தான் எடுத்தோம். பாக்கிறதுக்கு ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குத் திருப்தி வரல. உண்மையான பொருளுக்குன்னு ஒரு சக்தி இருக்கு, அது ஃபிலிம்ல இறங்கும்னு நான் நம்புறவன். உங்கப்பாகிட்ட கேட்டேன். மறுநாளே கொண்டுவந்துட்டார். மூணாவது டேக். ரெண்டே விநாடிதான் வரும். ஆனா அந்த இடத்துல மயங்கி விழுந்த பெண்கள் உண்டு."

"எங்கப்பா சும்மாவா குடுத்தார்?"

"சும்மாதான். ஒரு விஷயம் மட்டும் கேட்டார்." டாக்டர் மோதிரத்தை விரலில் சுற்றினார். "எரிச்சதுக்கு அப்புறம் சாம்பலை அவர்கிட்ட குடுத்துடணும்னார்."

தெக்லா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"குடுத்தீங்களா?"

"அன்னைக்கு வெளிச்சம் போய்க்கிட்டே இருந்துச்சு. அடுத்த காட்சிக்கு செட்டை மாத்தச் சொல்லிட்டேன். பையன்கள் கும்பாவைக் கழுவி, தரையைக் கூட்டித் தள்ளிட்டாங்க. ஸ்டூடியோவில சாம்பல்னா குப்பைதானே. உங்கப்பா மேல சாரத்துல இருந்தார். இறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கையில ஒரு சின்ன டப்பா வச்சிருந்தார். இருமலுக்கு மாத்திரை வாங்கற டப்பா."

"என்ன சொன்னார்?"

"கும்பாவுக்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாத்தார். ஈரமா இருந்துச்சு. அப்புறம் மேல ஏறிப் போயிட்டார்."

அது போன கோடை. இருமல் விடாமல் பிடித்தது அந்தக் கோடையில்தான். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளுகிற அப்பா, ஐம்பது வயதில், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அழுவாள். மகளிடம் எப்படிச் சொல்வது? மகள் சாப்பாட்டு மேசையில் நுரையீரல் படம் வரைந்து, தூள் எங்கே உட்காரும் என்று அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னைக்கு வரலாமா?" டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கை தானாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்திருந்தது. "கேமரா எல்லாம் வேண்டாம். ஓரமா நின்னு பாத்துக்கறேன். உங்கம்மா என்னென்ன செய்யறாங்க? வலை வைக்கிறாங்களா? எங்க சபையிலேயும் இதுக்கு ஒரு சடங்கு உண்டு. நாலு பேரு வந்து..."

"நீங்க அந்தச் சாம்பலை ஒரு காகிதத்துல மடிச்சு வச்சிருந்தா போதும். நாலு பேரு வேண்டாம்."

"நான் நம்பிக்கை இல்லாதவன்னு நினைக்காதீங்க. நான் உண்மையிலேயே நம்பறேன்."

"தெரியுது. நீங்க நம்பறது அங்கி மாட்டிக்கிட்டு நம்பறது. எங்கம்மாவுக்கு அது துணி துவைக்கிற மாதிரி, செஞ்சு முடிக்க வேண்டிய வேலை." அவள் எழுந்தாள். "வர்றதுன்னா வாங்க. வாசல்ல எங்கம்மா நிப்பாங்க. தொப்பி எங்கேன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவர் நோட்டுப் புத்தகத்தை மெதுவாக மூடினார். இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். கும்பாவிலிருந்து புகை எழும் காட்சி. ஓரத்தில் அவருடைய கையெழுத்து. தெக்லா அதைத் தொடவில்லை.

*

ரயிலில் வரும்போது, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தாள். அம்மா, அது எரிந்துபோய்விட்டது. எரிக்க வேண்டியதுதானே, எரித்தாயிற்று. இதைச் சொல்ல என்ன தயக்கம்? ஆனால் அம்மா அடுத்து என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். குடித்தாரா என்று கேட்பாள். இல்லை என்றால், அப்பா கும்பாவைத் தடவியதைச் சொல்ல வேண்டிவரும். அப்பாவும் பயந்தார் என்று தெரிந்துவிட்டால், அதற்கு அப்புறம் அம்மாவின் பயத்தை எதுவும் அடக்காது. ஒவ்வொரு இரவும் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தெருமுனைக் கறிக்கடையின் சன்னலில், உப்பிய பலூன்கள்போலக் காய்ந்த பன்றி மூத்திரப்பைச் சவ்வுகள் தொங்கின. பழங்கள் விளையும் காலத்தில் பெண்கள் வாங்கிப்போய் ஜாம் ஜாடிகளுக்கு வாய் கட்டுவார்கள். தெக்லா அதைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஐயோ, உங்கப்பா விஷயம் கேள்விப்பட்டேன்" என்றாள் கறிக்கடைக்காரி. "எவ்வளவு நல்ல மனுஷன். இந்தக் கடைப் பலகை அவர் போட்டதுதான். என்னம்மா வேணும்?"

"அது ஒண்ணு."

"மார்ச் மாசத்துல எவ ஜாம் போடுறா?"

"ஆபீசுக்கு. ஒரு சோதனைக்கு."

கறிக்கடைக்காரி ஒன்றைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

அவர்கள் கட்டடத்தில் கழிப்பறை மாடிப்படி திரும்பும் இடத்தில் இருந்தது. நான்கு குடித்தனத்துக்கு ஒன்று. தெக்லா உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். சவ்வைக் கிழித்து உள்ளங்கை அளவு எடுத்துக்கொண்டாள். மீதியைக் காகிதத்தோடு தொட்டிக்குப் பின்னால் செருகினாள். சன்னல் விளிம்பில் படிந்திருந்த புகைக்கரியைத் தொட்டுத் தடவினாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மடிப்பு வெளுத்து, உடைந்துவிடும்போல ஆனதும் நிறுத்தினாள். சோதனைக்கூடத்தில் கலப்படப் பால் கொண்டுவருகிறவர்களை அவள் திட்டாத திட்டு கிடையாது. வெளியே பக்கத்து வீட்டுக் கிழவர் கதவைத் தட்டினார்.

"யாரு உள்ள? பாராளுமன்றம் நடத்தறீங்களா?"

"இதோ வந்துட்டேன் தாத்தா."

*

பெட்டி வந்துவிட்டிருந்தது. இரண்டு நாற்காலிகளின்மேல் வைத்து, அப்பாவை உள்ளே கிடத்தியிருந்தார்கள். நிட்ஷ்கே பக்கப் பலகையில் கையை வைத்து மறைத்தபடி நின்றார். அம்மா ஒரு துண்டு மீன்வலையை அப்பாவின் கால்மாட்டில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வருஷத்துக்கு ஒரு முடிச்சுதான் அவுப்பாராம்" என்று நிட்ஷ்கே தெக்லாவிடம் கிசுகிசுத்தார். "அடேயப்பா, இதுல முந்நூறு முடிச்சு இருக்கும்போல."

"நானூத்திப் பத்து" என்றாள் அம்மா திரும்பாமல். "எண்ணியாச்சு."

தெக்லா கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டைக்குள் மடித்து வைத்திருந்ததை நீட்டினாள்.

அம்மா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை தேய்த்தாள். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ முறை அசலைக் கையில் எடுத்துப் பார்த்தவள். ஆகஸ்டு வந்தால் இருபது ஜாடிக்கு வாய் கட்டுகிறவளும் அவளேதான்.

சுவர்க்கடிகாரத்தை அம்மா முதல் நாளே நிறுத்தியிருந்தாள். நிட்ஷ்கே பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றாள் அம்மா.

"பத்திரமா வச்சிருந்தேன்னார். எடுத்துக் குடுத்தார்."

"நல்லா இருக்கட்டும்."

அம்மா பெட்டியருகே வந்தாள். அப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கித் தூக்கி, அதை அடியில் வைத்து, தலையை மெல்ல இறக்கினாள். இடது கண்ணை மறுபடி மூடினாள், இந்த முறை விரலை எடுக்காமல் வெகுநேரம் அழுத்திக்கொண்டே நின்றாள். எடுத்ததும் கண் கீற்றாகத் திறந்தது. அம்மா நிட்ஷ்கேயைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மூடியைப் போட்டார். ஆணி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அலமாரியில் கோப்பைகள் அதிர்ந்தன.

"தெக்லா" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"கையைக் கழுவிட்டு வா. கறிக்கடை வாசம் அடிக்குது."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. முக்காட்டை எடுத்து உதறி, தலையில் போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோவிலிருந்து வந்திருந்த நான்கு தச்சர்கள் பெட்டியைத் தூக்கியதும், அது இருந்த இரண்டு நாற்காலிகளையும் அம்மா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். செத்தவர் திரும்பி வந்தாலும் உட்கார இடம் இருக்கக் கூடாது. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினாள்.

*

கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டிருந்தது. ஸ்டூடியோ ஆட்கள் பத்துப் பேர், கட்டடத்துப் பெண்கள் நாலைந்து பேர். டாக்டர் ஆர்ன்ட் வரவில்லை. மலர்வளையம் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் கட்டியிருந்த கறுப்பு நாடாவில் லத்தீனில் ஏதோ எழுதியிருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை, தெக்லாவைத் தவிர.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். பெட்டி கயிற்றில் இறங்கியது. நிட்ஷ்கே பத்து ஆணி என்று சொல்லிவிட்டுப் பதினாறு அடித்திருந்தார். பலகை ஓரத்தில் தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

"முதல்ல பிள்ளை" என்றார் பாதிரியார். அவரும் அம்மாவின் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், அங்கத்திய முறை தெரிந்தவர். தலைமாட்டில் நின்று, வெறும் கையால், முதல் மண்ணைப் பிள்ளைதான் போட வேண்டும். பெண்டாட்டிக்கு முறை அப்புறம்தான். பாதிரியார் மண்குவியலைக் காட்டினார்.

தெக்லா ஒரு அடி வைத்தாள்.

அம்மா அவளுக்கு முன்னால் போனாள். காலையிலிருந்து ஒரு நூலையும் ஒரு முடிச்சையும் விடாதவள், தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள். குனிந்து மண்ணை அள்ளினாள்.

"வெரோனிகா அம்மா, முதல்ல மகள்..." என்றார் பாதிரியார்.

அம்மா அள்ளியதைப் போட்டாள். ஓக்கு மரத்தில் ஈர மண் தொப்பென்று விழுந்தது. மறுபடி குனிந்தாள். மூன்று பிடியையும் அவளே போட்டாள். பிறகும் நகரவில்லை. குழியின் விளிம்பிலேயே, சரிந்துவிடக்கூடிய மண்ணின்மேல் பாதம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பாவாடை ஓரம் சேற்றில் தோய, குனிந்து கீழே பார்த்தாள். தன் முகம் நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள்.

"அகுஸ்தின்" என்றாள் சாதாரணக் குரலில். "நான்தான், வெரோனிகா. இங்கதான் இருக்கேன்."

நிட்ஷ்கே இருமினார். யாரோ ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

தெக்லா அம்மாவின் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். மண் ஒட்டிய உள்ளங்கை தெக்லாவின் கோட்டில், நெஞ்சுக்கு நேராக வந்து பதிந்து, அவளை அங்கேயே நிறுத்தியது.

குழிவெட்டிகள் மண்வெட்டியை எடுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். குழி தரைமட்டத்துக்கு வரும் வரை அம்மா அந்தக் கையை எடுக்கவில்லை.